ஆல்ப்ஸ் மலையில ஹட் டு ஹட் ட்ரெக்கிங்: பிளான் போடுறதுல இருந்து பத்திரமா இறங்கி வர்ற வரைக்கும்

டென்ட் தூக்க வேணாம், அடுப்பு வேணாம், நாலு நாள் சாப்பாட்டை முதுகுல கட்டிக்கிட்டு போக வேணாம். காலையில ஒரு ஹட்டுல (மலை மேல இருக்கிற தங்கும் விடுதி) இருந்து கிளம்பி, ஒரு கணவாயைத் தாண்டி, மத்தியானத்துக்கு மேல அடுத்த ஹட்டுல போய் பையை இறக்கினா சாயங்காலம் சூடா சூப் வரும், படுக்க மெத்தை இருக்கும், மறுநாள் காலையில திரும்பவும் நடை. ஹட் டு ஹட்னா இதுதான்.

கேட்கும்போது சுலபமா தெரியும். ஆனா முதுகுல இருந்து இறங்கின பாரம் அப்படியே கடிகாரத்துல ஏறிக்குதுங்கிறதை முதல்லயே புரிஞ்சுக்கணும். டென்ட் இருந்தா களைச்ச இடத்துல விரிச்சுப் படுத்துடலாம், ஹட் புக் பண்ணிட்டா எவ்வளவு களைச்சாலும் அன்னைக்கு சாப்பாட்டு நேரத்துக்குள்ள அங்க போய் நின்னாகணும். மழை வந்தாலும் அப்படித்தான், முட்டி கெஞ்சினாலும் அப்படித்தான். அதனால ஷூ, ஜாக்கெட் பத்திப் பேசுற அளவுக்கு நேரத்தைப் பத்தியும் பேசப் போறேன், ஏன்னா நான் பார்த்த வரைக்கும் பிரச்சனையில மாட்டுனவங்க முக்கால்வாசிப் பேர் நேரக் கணக்குல கோட்டை விட்டவங்கதான்.

ஸ்டெப் 1: ரூட்டும் சீசனும்

ஆல்ப்ஸ்ல மலை ஏறுறவங்களுக்காக ஹட் கட்டுறது 150 வருஷத்துக்கு மேல இருக்கிற பழக்கம். ஸ்விஸ் ஆல்பைன் கிளப் 1863ல ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் டோடி மலைக்குக் கீழ க்ரூன்ஹோர்ன்ல முதல் ஹட்டைக் கட்டிட்டாங்க. இன்னைக்கு அவங்ககிட்ட மட்டும் 150 ஹட் பக்கம் இருக்கு, ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் கிளப்களோடதும் தனியார் ஹட்டுகளும் சேர்த்தா நூத்துக்கணக்குல வரும். ஜெர்மன் பேசுற பக்கம் ஹ்யூட்டன்னு சொல்லுவாங்க, இத்தாலியில ரிஃபூஜியோ, பிரெஞ்சுல ரெஃப்யூஜ். மேப்ல இந்த மூணு பேரையும் தேடுங்க.

எல்லாரும் முதல்ல கேள்விப்படுறது டூர் டு மோன் ப்ளாங். சுமார் 170 கிமீ, மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட 10,000 மீட்டர், பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து மூணு நாட்டையும் தொட்டுக்கிட்டு மலையைச் சுத்தி வரும், வழக்கமா 10, 11 நாள் எடுக்கும். அருமையான ரூட்தான், ஆனா முதல் தடவையே 11 நாள் போறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அவ்வளவு நாள் தொடர்ந்து நடந்தா உங்க உடம்பு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியாதுல்ல. முதல்ல மூணு நாள் போங்க. உதாரணத்துக்கு இத்தாலிப் பக்கம் டோலமைட்ஸ் மலைகள்ல ஆல்டா வியா 1னு ஒரு பாதை இருக்கு, பிராயஸ் ஏரியில இருந்து பெல்லூனோ பக்கம் வரைக்கும் சுமார் 120 கிமீ. அதுல பிராயஸ்ல ஆரம்பிச்சு 2,752 மீட்டர்ல இருக்கிற லகஸுவோய் ஹட் வரைக்கும் மூணு நாள்ல நடந்துட்டு, மறுநாள் கேபிள் கார்லயே கீழ இறங்கிடலாம். கடைசி நாள் 600, 700 மீட்டர் இறக்கத்துல முட்டியைப் பாழாக்க வேண்டியதில்ல. லகஸுவோய் மலைக்குள்ள முதல் உலகப்போர்ல ராணுவம் குடைஞ்ச சுரங்கம் இருக்கு, நேரம் இருந்தா ஹெட்லாம்ப் போட்டுக்கிட்டு அதையும் பார்த்துட்டு வாங்க, பனியில அந்தப் பொந்துக்குள்ள மாசக்கணக்குல மனுஷங்க இருந்திருக்காங்கன்னு நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

சீசன் ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் நடு வரைக்கும். உயரத்துல இருக்கிற ஹட் ஜூலைலதான் திறக்கும். ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்துல 2,500 மீட்டர் பக்கம் இருக்கிற கணவாய்கள்ல வடக்குப் பக்கச் சரிவுல போன குளிர்காலத்துப் பனி இன்னும் கிடக்கும். பார்க்க சின்னத் திட்டா இருக்கும், காலையில அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும்போது வழுக்கினா கீழ பாறை வரைக்கும் நிக்காது. முதல் தடவை போறவங்களுக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம்தான் என் சாய்ஸ். பனி கரைஞ்சிருக்கும், கூட்டமும் குறைய ஆரம்பிச்சிருக்கும்.

ரூட் எடுக்கும்போது இன்னொரு வேலை இருக்கு, நிறைய பேர் இதைச் செய்றதே இல்ல. ஒவ்வொரு நாள் பாதையிலயும் நடுவுல எங்கேயிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கி பஸ் பிடிக்கலாம்னு மேப்ல குறிச்சு வைங்க. மூணாவது நாள் கணுக்கால் சுளுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்போது மேப்பை விரிச்சுத் தேடுற நிலைமை வரக்கூடாது.

ஸ்டெப் 2: தூரத்தை மறந்துடுங்க, மணிக்கணக்கு போடுங்க

ஸ்விஸ்ல மஞ்சள் போர்டுல அடுத்த ஊருக்கோ கணவாய்க்கோ எத்தனை கிமீன்னு போட்டிருக்க மாட்டாங்க, எத்தனை மணி நேரம்னு போட்டிருப்பாங்க. மலையில அதுதான் சரியான அளவு. 4 கிமீ சமதளத்துல ஒரு மணி நேரம், அதே 4 கிமீ செங்குத்தா ஏறினா மூணு மணி நேரம் கூட ஆகும். ஞாபகம் வச்சுக்கோங்க, போர்டுல இருக்கிறது நிக்காம நடக்கிற நேரம், சாப்பிட, தண்ணி நிரப்ப, போட்டோ எடுக்க நின்னதெல்லாம் அதுல சேராது.

நீங்களே கணக்குப் போட ஜெர்மன்காரங்க பயன்படுத்துற முறை நல்லா இருக்கும். சமதள தூரத்துக்கு மணிக்கு 4 கிமீ, ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தைத் தனியா எடுங்க, ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியா எடுங்க, இந்த ரெண்டுல எது பெருசோ அதை முழுசா, சின்னதைப் பாதியாக்கி, ரெண்டையும் கூட்டுங்க. ஒரு நாள் பாதை 9 கிமீ, 900 மீட்டர் ஏற்றம், 600 மீட்டர் இறக்கம்னு வச்சுக்குவோம். தூரத்துக்கு 2 மணி 15 நிமிஷம். ஏற்றத்துக்கு 3 மணி, இறக்கத்துக்கு 1 மணி 12 நிமிஷம், ஆக 4 மணி 12 நிமிஷம். இதுதான் பெருசு, இதோட 2:15ல பாதியைச் சேர்த்தா சுமார் 5 மணி 20 நிமிஷம். அதுக்கு மேல ஓய்வுக்கு ஒன்றரை மணி நேரம் வைங்க. 9 கிமீதானேன்னு நினைச்ச பாதை கிட்டத்தட்ட 7 மணி நேரமா நிக்கும்.

இந்த ஏழு மணி நேரத்தை எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் அடுத்த விஷயம். கோடையில ஆல்ப்ஸ்ல இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் வரும், காலையில வெயில் ஏறி ஈரக்காத்து மேல கிளம்பி மேகம் கட்டுறதுக்கு அவ்வளவு நேரம் எடுக்குது. அதனால கணவாயை 12 மணிக்குள்ள தாண்டணும், ஹட்டுக்கு 3 மணிக்குள்ள போய்ச் சேரணும்னு பின்னாடியில இருந்து கணக்குப் போடுங்க. 7 மணி நேரப் பாதைன்னா காலையில 7:30க்கு கால் பாதையில இருக்கணும். முதல் தடவைக்கு ஒரு நாளைக்கு ஓய்வையும் சேர்த்து 6, 7 மணி நேரம், 800, 900 மீட்டர் ஏற்றம், அதோட நிறுத்திக்கோங்க.

தூரம் மாதிரியே பாதையோட தரத்தையும் பாருங்க. ஸ்விஸ்ல வெறும் மஞ்சள் குறின்னா சாதா நடைபாதை, வெள்ளை சிவப்பு வெள்ளைன்னா மலைப்பாதை, கால் உறுதியா இருக்கணும், பள்ளத்தைப் பார்த்தா தலை சுத்தக்கூடாது. வெள்ளை நீலம் வெள்ளைன்னா பாறை ஏறணும், பனிப்பாறை கூட வரலாம், அனுபவம் இல்லாம போகாதீங்க. சாதா ஹட் டு ஹட் பெரும்பாலும் நடுவுல இருக்கிற ரகம்தான்.

ஸ்டெப் 3: புக்கிங்

முன்னாடி மாதிரி போய் நின்னா இடம் கிடைக்கும்ங்கிற காலம் பேர்பெற்ற ரூட்டுகள்ல முடிஞ்சு போச்சு. மோன் ப்ளாங் சுத்துல பல ஹட் முந்தின வருஷக் கடைசியிலயே புக்கிங் திறந்துடுது, ஆகஸ்ட் மாச படுக்கை வசந்த காலம் வர்றதுக்குள்ள தீர்ந்துடும். ஸ்விஸ், ஜெர்மன், ஆஸ்திரிய கிளப் ஹட்டுகள் நிறைய ஒரே பொதுவான ஆன்லைன் புக்கிங்ல இருக்கு, அது வசதி, தனியார் ஹட்டுக்கு மெயில் இல்ல போன்தான்.

புக் பண்ற வரிசை ரொம்ப முக்கியம். முதல் நாள்ல இருந்து ஆரம்பிச்சு வரிசையா போடாதீங்க. உங்க ரூட்லயே சின்ன ஹட் எது, மாத்து இல்லாத ஹட் எதுன்னு பாருங்க, 40 படுக்கை மட்டும் இருந்து சுத்துவட்டாரத்துல வேற எதுவும் இல்லாத இடம் ஒண்ணு எப்பவும் இருக்கும், அதை முதல்ல பிடிங்க. அதுக்குக் கிடைச்ச தேதியை வச்சு முன்னாடியும் பின்னாடியும் மத்ததைக் கோர்த்துட்டு வாங்க.

ஹாஃப் போர்டுன்னு கேட்டு எடுங்க, அதுல ராத்திரி சாப்பாடும் காலைச் சாப்பாடும் படுக்கையும் வந்துடும். சைவம்னா, ஏதாவது ஒத்துக்காதுன்னா புக் பண்ணும்போதே எழுதுங்க. மேல வர்ற மூட்டையெல்லாம் பெரும்பாலும் ஹெலிகாப்டர்லயோ சரக்கு ரோப்வேலயோ வர்றது, போய் உட்கார்ந்ததுக்கு அப்புறம் சொன்னா அவங்களால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. பல ஹட்டுல கார்டு எடுக்க மாட்டாங்க, இல்ல சிக்னல் இல்லாம மெஷின் வேலை செய்யாது, அதனால நோட்டா வச்சுக்கோங்க, ஸ்விஸ் பக்கம் ஃபிராங்க், மத்த இடத்துல யூரோ. ஏதாவது ஒரு ஆல்பைன் கிளப்ல மெம்பர் ஆயிட்டா மத்த நாட்டு கிளப் ஹட்டுலயும் படுக்கைக்குத் தள்ளுபடி உண்டு, அஞ்சாறு ராத்திரி தங்குறவங்களுக்கு மெம்பர்ஷிப் காசு பெரும்பாலும் அதுலயே வந்துடும்.

வர முடியலைன்னா கண்டிப்பா போன் பண்ணிச் சொல்லுங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு ஹட்டுல ராத்திரி சாப்பாட்டு நேரம், ஹட்டைப் பார்த்துக்கிற வார்டன் அம்மா லிஸ்டைக் கையில வச்சுக்கிட்டு டேபிள் டேபிளா தலை எண்ணிக்கிட்டே வந்தாங்க, நாலு பேர் குறையுது. போன் போட்டாங்க, எடுக்கல. முந்தின ஹட்டுக்கு போன் போட்டாங்க, காலையிலயே கிளம்பிட்டாங்கன்னு சொன்னாங்க. வெளியில பனிமூட்டம், மழை வேற. அந்த அம்மா பரிமாறுறதை விட்டுட்டு பைனாக்குலரோட வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாங்க, நாங்க யாரும் சரியா சாப்பிடல. 9 மணிக்கு அந்த நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து மெசேஜ், மழைன்னு சொல்லி மத்தியானமே பஸ் பிடிச்சு டவுனுக்குப் போயிட்டாங்களாம். ரெஸ்க்யூ டீமைக் கூப்பிட அந்த அம்மா போனைக் கையில எடுத்திருந்தாங்க. அன்னைக்கு அவங்க முகத்தைப் பார்த்ததுல இருந்து, அரை மணி நேரம் லேட் ஆகும்னாலே நான் போன் பண்ணிடுறேன்.

ஸ்டெப் 4: உடம்பு

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிங்க. ஜிம் கட்டாயம் இல்ல, மாடிப்படி போதும். பையில 7 கிலோ வச்சுக்கிட்டு ஏறி இறங்குங்க, வாரத்துக்கு மூணு நாள், கொஞ்சம் கொஞ்சமா ஒரு மணி நேரம் வரைக்கும் கொண்டு வாங்க. எல்லாரும் ஏற்றத்துக்குத்தான் பழகுவாங்க. ஏற்றத்துல மூச்சு வாங்கும், நின்னா சரியாயிடும். தொடையையும் முட்டியையும் நொறுக்குறது இறக்கம்தான், அதுக்கு லிஃப்ட்ல மேல போயிட்டு படியில இறங்கினாக் கூட நல்ல பயிற்சிதான். கடைசி மாசத்துல ஒரு சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தொடர்ந்து 5 மணி நேரம் நடந்து பாருங்க, சனிக்கிழமை வலியோட ஞாயித்துக்கிழமை நடக்க முடியுதான்னு தெரிஞ்சுக்கிறதுதான் அந்தப் பயிற்சியே.

ஸ்டெப் 5: ஷூ

பாதி நம்பர் பெருசா வாங்குங்க, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்க, ட்ரெக்குக்குப் போட்டுக்கப் போற சாக்ஸோடயே போட்டுப் பாருங்க. குறைஞ்சது 50 கிமீயாவது அதுல நடந்திருக்கணும்.

புது ஷூ கடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், பழைய ஷூ செய்ற துரோகம் நிறைய பேருக்குத் தெரியாது. கூட வந்த நண்பர் அலமாரியில எட்டு வருஷமா வச்சிருந்த நல்ல லெதர் பூட்ஸ் போட்டுட்டு வந்தார், மேல பார்க்க புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ரெண்டாவது நாள் இறக்கத்துல குதிகால் பக்கம் லேசா வாய் பிளந்துச்சு, பத்து நிமிஷத்துல அடிப்பாகம் முழுசும் கழண்டு கையோட வந்துடுச்சு, உள்ள இருந்த ஃபோமைத் தொட்டா ரஸ்க் மாதிரி பொடிப்பொடியா உதிருது. பல பூட்ஸ்ல அடிக்கும் மேலுக்கும் நடுவுல பாலியூரித்தேன் ஃபோம் இருக்கும், காத்துல இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு வருஷக்கணக்குல அது தானா சிதைஞ்சுடும், போடாம வச்சிருந்தாலும் சிதையும். டேப்பைச் சுத்தி, அது மேல கயிறு கட்டி, மூணு மணி நேரம் நொண்டிக்கிட்டேதான் அவரைக் கீழ கொண்டு வந்தோம். அஞ்சாறு வருஷத்துக்கு மேல ஆன பூட்ஸ்னா கிளம்புறதுக்கு முன்னாடி நடுப்பகுதியைக் கட்டைவிரலால நல்லா அழுத்திப் பாருங்க, கோடு கோடா வெடிப்பு விழுந்தா அதோட போகாதீங்க.

கொப்புளத்துக்கு மருந்து நேரம்தான். பாதத்துல ஒரு இடம் லேசா சூடாகுதுன்னு தோணின உடனே நில்லுங்க, கூட வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு பார்க்காதீங்க, ஷூவைக் கழட்டி, காய வச்சு, அந்த இடத்துல டேப் சுருக்கம் இல்லாம ஒட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த ஹட்டுல பார்த்துக்கலாம்னு விட்டா அடுத்த மூணு நாளும் ஒவ்வொரு அடிக்கும் நீங்க அதை நினைப்பீங்க. இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்க, இல்லன்னா விரல் முன்னாடி போய் இடிச்சு இடிச்சு நகம் கறுத்துடும். கிளம்புறதுக்கு முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டிடுங்க.

ஸ்டெப் 6: பை

தண்ணியோட சேர்த்து 8 கிலோ, அதுக்கு மேல போனா எதையோ தேவையில்லாம எடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். 30ல இருந்து 38 லிட்டர் பை போதும், பெருசா வாங்கினா நிரப்பத்தான் தோணும்.

துணி விஷயத்துல ஒரே கணக்கு, நடக்கிறதுக்கு ஒரு செட், ஹட்டுல போட்டுக்க ஒரு காஞ்ச செட், உள்ளாடையும் சாக்ஸும் மட்டும் ஒண்ணு கூடுதலா. காட்டன் வேணாம், நனைஞ்சா காயாது, குளிர் உடம்புக்குள்ள இறங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் 6.5 டிகிரி குறையும், பள்ளத்தாக்குல 25 டிகிரின்னா 2,000 மீட்டர் மேல 12, அதோட காத்தும் மழையும் சேர்ந்தா ஆகஸ்ட்லயே விரல் மரத்துப் போகும். அதனால லேசான கையுறை, காதை மூடுற தொப்பி, ஒரு கதகதப்பான ஜாக்கெட், நல்ல ரெயின் ஜாக்கெட், ரெயின் பேன்ட், இது அஞ்சும் எந்த மாசம் போனாலும் பையில இருக்கணும். பைக்கு மேல போடுற ரெயின் கவரை மட்டும் நம்பாதீங்க, முதுகுப் பக்கமா தண்ணி இறங்கும், உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு அதுக்குள்ள துணியை வைங்க.

ஹட்டுல போர்வை, தலையணை தருவாங்க, ஆனா ஸ்லீப்பிங் பேக் லைனர்ங்கிற மெல்லிசான துணிப் பையை நீங்க கொண்டு போறது கட்டாயம், தினமும் அம்பது பேருக்கு பெட்ஷீட் துவைக்க மேல தண்ணி கிடையாது. சில்க் லைனர்னா 150 கிராம் பக்கம்தான் இருக்கும், மடிச்சா ஒரு கைக்குள்ள அடங்கும். இயர்பிளக் மறக்காதீங்க, 12 பேர் வரிசையா படுக்கிற இடம் அது. ஹெட்லாம்ப், பவர் பேங்க், சன்ஸ்கிரீன், நல்ல கூலிங் கிளாஸ், ஃபர்ஸ்ட் எய்ட், விசில், ஒரு லிட்டர் தண்ணி, இதெல்லாம் நான் விளக்க வேண்டியதில்ல. ட்ரெக்கிங் போல்னு சொல்ற ஊன்றுகோல் ரெண்டு எடுத்துக்கோங்க, இறக்கத்துல கொஞ்சம் நீளமாக்கி ஊனினா முட்டிக்கு எவ்வளவு நிம்மதின்னு முதல் நாளே தெரியும். மேப் ஆஃப்லைன்ல டவுன்லோடு பண்ணிக்கோங்க, அதோட 1:50,000 இல்ல 1:25,000 பேப்பர் மேப் ஒண்ணு கட்டாயம், குளிர்ல போன் பேட்டரி சடார்னு இறங்கிடும்.

எடுக்க வேணாம்னு சொல்றதும் சொல்லிடுறேன்: ஜீன்ஸ், பெரிய டவல், ரெண்டாவது ஷூ. பல ஹட்டுல உள்ள போட்டுக்க ரப்பர் செருப்பு வாசல்லயே இருக்கும்.

ஸ்டெப் 7: பாதையில

காலையில கிளம்புறதுக்கு முன்னாடி வார்டன்கிட்ட பாதை எப்படி இருக்கு, வானிலை எப்படின்னு கேளுங்க. ஆப் சொல்றதை விட அவங்க சொல்றதுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், முந்தின நாள் எந்தப் பாலம் அடிச்சுட்டுப் போச்சு, எந்தச் சரிவுல கல்லு விழுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஹட் புக்ல உங்க பேர், அடுத்து எங்க போறீங்கன்னு எழுதிட்டுப் போங்க. நீங்க காணாம போனா தேடுறவங்க முதல்ல புரட்டுறது அந்த நோட்டைத்தான்.

முதல் அரை மணி நேரம் பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகத்துல போங்க. குழுவுல மெதுவா நடக்கிறவரை முன்னாடி விடுங்க. கடைசியில விட்டா, முன்னாடி போனவங்க நின்னு இளைப்பாறி, இவர் மூச்சு வாங்க வந்து சேரும்போது அவங்க கிளம்பிடுவாங்க, யாருக்கு ஓய்வு அதிகம் வேணுமோ அவருக்கு ஓய்வே கிடைக்காது.

வானத்தை 11 மணியில இருந்து கவனிங்க. காலிஃபிளவர் மாதிரி மேகம் மேல மேல வளர்ந்துக்கிட்டே போச்சுன்னா வேகத்தைக் கூட்டுங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எத்தனை செகண்ட்னு எண்ணி மூணால வகுத்தா எத்தனை கிமீ தூரத்துல இருக்குன்னு தெரியும், 30 செகண்டுக்குக் கீழ வந்தாலே நீங்க ஆபத்துக்குள்ள இருக்கீங்க. மலை முகட்டுல இருந்து உடனே இறங்குங்க, இரும்புக் கேபிள் போட்டிருக்கிற இடத்தை விட்டு விலகுங்க, தனி மரத்துக்கு அடியில போகாதீங்க, வேற வழியே இல்லன்னா பள்ளமான இடத்துல பை மேல கால் ரெண்டையும் சேர்த்து வச்சு குத்துக்கால் போட்டு உட்காருங்க. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் காத்திருங்க.

மேய்ச்சல் நிலத்துல ரெண்டு விஷயம். கன்னுக்குட்டியோட இருக்கிற மாட்டுக்குப் பக்கத்துல போகாதீங்க, சுத்திப் போங்க. ஆட்டு மந்தையைக் காக்கிற பெரிய வெள்ளை நாய் குரைச்சுக்கிட்டு வந்தா ஓடாதீங்க, போலைத் தூக்கிக் காட்டாதீங்க, நின்னு அமைதியா பேசிக்கிட்டே மந்தையை விட்டு விலகி நடங்க, அதுக்கு வேண்டியது நீங்க ஆட்டுக்கிட்ட வராம இருக்கிறது மட்டும்தான்.

ஸ்டெப் 8: ஹட்டுல சாயங்காலம்

உள்ள நுழையுறதுக்கு முன்னாடி பூட்ஸைக் கழட்டி ரேக்ல வைங்க, போலையும் அங்கேயே விட்டுடுங்க, நேரா வார்டன்கிட்ட போய் பேர் சொல்லுங்க. படுக்கை நம்பர் சொல்லுவாங்க. சில ஹட்டுல மூட்டைப்பூச்சி பயத்துனால பையை ரூமுக்குள்ள விட மாட்டாங்க, வேணுங்கிறதை மட்டும் ஒரு கூடையில எடுத்துக்கிட்டுப் போகணும்.

அடுத்த வேலை காய வைக்கிறது. ட்ரையிங் ரூம்னு ஒண்ணு இருக்கும், கதவைத் திறந்தாலே ஈர சாக்ஸும் லெதரும் வேர்வையும் கலந்த ஒரு வெக்கை மூஞ்சில அடிக்கும், கயிறு கயிறா ஜாக்கெட் தொங்கும். லேட்டா வந்தவங்களுக்கு அங்க ஹேங்கர் கிடைக்காது. பூட்ஸோட உள்அட்டையை உருவித் தனியா வைங்க, பழைய பேப்பர் கிடைச்சா உள்ள திணிங்க, ஒரு மணி நேரம் கழிச்சு அந்த ஈரப் பேப்பரை எடுத்துட்டு புதுசு வைங்க. அடுப்புக்கு ஒட்டி வைக்காதீங்க, பசை விட்டுடும்.

ஷவர் எல்லா இடத்துலயும் இருக்காது, இருந்தா டோக்கன் வாங்கணும், ரெண்டு மூணு நிமிஷம்தான் வெந்நீர் வரும், அதனால சோப்பைப் போட்டுட்டு டோக்கனைப் போடுங்க. குழாய்த் தண்ணி குடிக்கலாமான்னு கேட்டுட்டுக் குடிங்க, பனி உருகின தண்ணியை நேரடியா விடுற ஹட்டும் உண்டு, அங்க பாட்டில் வாங்கணும், விலை கூட இருக்கும். சார்ஜ் போட பிளக் அம்பது பேருக்கு அஞ்சு இருந்தா அதிகம்.

சாப்பாடு பெரும்பாலும் ஆறரை, ஏழு மணிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் நீங்க நாளைக்குப் போகப் போற பாதையில இருந்து இன்னைக்கு வந்தவரா இருப்பார். வெட்கப்படாம கேளுங்க, எங்க பனி இருக்கு, எங்க தண்ணி இல்லன்னு அந்த அரை மணி நேரத்துல கிடைக்கிற தகவல் வேற எங்கேயும் கிடைக்காது. பில்லை ராத்திரியே கட்டிடுங்க. 10 மணிக்கு விளக்கு அணைஞ்சுடும். காலையில சீக்கிரம் கிளம்புறவங்க பையை ராத்திரியே கட்டி வைங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்கு இருட்டுல பிளாஸ்டிக் கவரைச் சரசரன்னு உருட்டுறதை விட பெரிய தொல்லை டார்மிட்டரியில இல்ல. குப்பையை அங்க போடாதீங்க, உங்களோடவே கீழ கொண்டு வந்துடுங்க.

ஸ்டெப் 9: உயரமும் ஆபத்தும்

ஆல்ப்ஸ்ல சாதா ஹட் ரூட் பெரும்பாலும் 1,800க்கும் 2,800 மீட்டருக்கும் நடுவுலதான், மோன் ப்ளாங் சுத்துல மாத்துப் பாதையைச் சேர்த்தாக் கூட அதிகபட்ச உயரம் 2,665 மீட்டர். அங்க பெருசா பயப்பட வேணாம், தூக்கம் சரியா வராது, லேசா தலை வலிக்கும். 2,500க்கு மேல படுக்கும்போது கவனமா இருங்க. 3,000க்கு மேல போற பிளான்னா ஒரு நாளைக்குப் படுக்கிற உயரத்தை 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை அதே உயரத்துல இன்னொரு ராத்திரி தங்குங்க. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையில 3,440 மீட்டர் நாம்சேல ரெண்டு ராத்திரி தங்குறது இதுக்காகத்தான். தலைவலியோட வாந்தி வந்தா மேல ஏறாதீங்க. நேரா நடக்க முடியாம தள்ளாடுறது, பேச்சு குழறுறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுறது, இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பார்க்காம உடனே கீழ இறக்கணும். மாத்திரை போட்டுக்கிட்டு ஏறலாமான்னு கேட்கிறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசுங்க.

எமர்ஜென்சி நம்பர் 112, பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து மூணு நாட்டுலயும் வேலை செய்யும். ஸ்விஸ்ல ரேகாங்கிற மீட்பு ஹெலிகாப்டர் சேவைக்கு 1414, மோன் ப்ளாங் பாதை போற வாலே மாநிலத்துல 144. போன்ல இப்பவே சேவ் பண்ணுங்க. சிக்னல் இல்லன்னா விசில் இல்ல டார்ச்சால ஒரு நிமிஷத்துல ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் இடைவெளி, திரும்ப ஆறு. பதில் நிமிஷத்துக்கு மூணு தடவை வரும். ஹெலிகாப்டர் வந்தா ரெண்டு கையையும் மேல விரிச்சுத் தூக்கினா உதவி வேணும்னு அர்த்தம், ஒரு கை மேல ஒரு கை கீழன்னா வேணாம். சும்மா சந்தோஷத்துல ரெண்டு கையையும் ஆட்டிடாதீங்க. ஸ்விஸ், ஆஸ்திரியாவுல ஹெலிகாப்டர் பில் உங்க பேர்லதான் வரும், இன்ஷூரன்ஸ் பாலிசியில தேடல், மீட்புச் செலவு தனியா எழுதியிருக்கான்னும் எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் செல்லும்னும் படிச்சுப் பாருங்க.

ஸ்டெப் 10: கடைசி நாள்

கடைசி நாளைத்தான் எல்லாரும் நீளமா வைப்பாங்க, எப்படியும் இறக்கம்தானேன்னு. நீங்க சின்னதா வைங்க, 3, 4 மணி நேரம் போதும். கால் ஏற்கனவே களைச்சிருக்கும், மனசு கீழ போயிருக்கும், 4 மணி ட்ரெயினைப் பிடிக்கணும்னு வேகம் எடுக்கும்போதுதான் கால் பின்னிக்கும். அன்னைக்கே ஃப்ளைட் போடாதீங்க, அன்னைக்கு ராத்திரி பள்ளத்தாக்குலயே ஒரு ரூம் எடுத்துடுங்க. பாதை முடிஞ்சு தார் ரோடு வந்ததும் போலை மடக்குங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.